காலுக்கு எதற்குக் குமிழ்?

கார் ஓட்டும்போது உங்கள் வலது கால் எக்ஸலரேட்டருக்கும் பிரேக்குக்கும் இடையே ஓயாமல் சென்று வருகிறது. ஒரு தடவைகூட நீங்கள் குனிந்து பார்ப்பதில்லை. அதே காலால் வானொலியின் அலைவரிசையைத் திருப்பச் சொன்னால் முடியுமா? முடியாது. காலுக்கு வலு அதிகம், நுணுக்கம் குறைவு. இந்த எளிய உண்மையை மதித்துச் செய்த ஓர் இசைக்கருவி உண்டு. அதை மறந்து செய்த ஒரு தம்பியும் அதற்கு உண்டு. இரண்டையும் ஒப்பிட்டால், இன்று நம் வீட்டிலும் வாகனத்திலும் வந்து குவியும் தொடுதிரைகளைப் பற்றி யோசிக்க ஒரு வழி கிடைக்கும்.

1970களின் நடுவில் அமெரிக்காவின் மோக் நிறுவனம் ‘டாரஸ்’ என்ற பாஸ் பெடல் சிந்தசைசரை வெளியிட்டது. தரையில் கிடக்கும் ஒரு பெட்டி. அதில் ஆர்கன் வாத்தியத்தில் இருப்பதுபோல் 13 மிதிக்கட்டைகள், அதாவது ஒரு ஸ்தாயி. கனடாவின் ‘ரஷ்’ குழுவைச் சேர்ந்த கெட்டி லீ, கைகளில் பாஸ் கிட்டாரோ கீபோர்டோ இருக்க, வாயால் பாடிக்கொண்டே காலால் இதை வாசித்தார். ‘ஜெனிசிஸ்’ குழுவின் மைக் ரதர்ஃபோர்டும் இதைப் பயன்படுத்தினார். மூன்று பேர் நிற்கும் மேடையில் நான்காவது ஆள் வாசிப்பதுபோல் ஒலிக்க இந்தப் பெட்டி உதவியது.

அந்த ஒலிக்கு எங்கிருந்து அவ்வளவு கனம்? 32.7 ஹெர்ட்ஸ் அதிர்வெண் கொண்ட தாழ்ந்த சுரத்தின் அலைநீளம் காற்றில் ஏறக்குறைய 10.5 மீட்டர். இத்தகைய ஒலியைக் காதைவிட நெஞ்சுக்கூடு முன்னதாக உணர்வதுபோல் இருக்கும். டாரஸின் உள்ளே இரண்டு அலையியற்றிகள் உள்ளன. ஒன்று 65.4 ஹெர்ட்ஸிலும் மற்றொன்று 65.9 ஹெர்ட்ஸிலும் அதிர்ந்தால், இரண்டு வினாடிக்கு ஒருமுறை ஒலி மெல்லப் பெருத்துச் சிறுக்கும். இதை இயற்பியலில் விம்மல் என்கிறோம். அந்த விம்மல்தான் சுரத்துக்கு உயிர் தருகிறது.

ஒலியைவிட என்னைக் கவர்வது அதன் கட்டுப்பாடுகள். மூளையின் இயக்கப் புறணியில் எந்த உறுப்புக்கு எவ்வளவு இடம் என்று நரம்பியல் அறுவை நிபுணர் வைல்டர் பென்ஃபீல்ட் வரைந்த படத்தில் கை பெரிதாக இருக்கும். கால் சிறிதாக ஒதுங்கியிருக்கும். இலக்கு சிறிதாகவும் தொலைவாகவும் இருந்தால் அதைத் தொட அதிக நேரம் பிடிக்கும் என்று 1954இல் உளவியலாளர் பால் ஃபிட்ஸ் ஒரு விதியாகவே எழுதினார். கைக்கே இப்படி என்றால், சப்பாத்து அணிந்த காலுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டாரஸ் இதற்கேற்பவே அமைந்தது. ஒலியளவுக்கு ஒன்று, ஒலியின் கூர்மையை மாற்றும் வடிகட்டிக்கு ஒன்று என, பாதத்தால் தள்ளும் இரண்டு பெரிய நகர்த்திகள். ஒலிவகையைத் தேர்ந்தெடுக்கக் காலால் அழுத்தும் பெரிய பொத்தான்கள். டாரஸ், டூபா, பாஸ் ஆகிய மூன்றும் ஆயத்த ஒலிகள். நான்காவது நாமே அமைத்துக்கொள்வது. அந்த நான்காவதற்கான நுணுக்கமான கட்டுப்பாடுகள் ஒரு மூடிக்கு அடியில் இருக்கும். கச்சேரிக்கு முன் குனிந்து கையால் சரிசெய்து, மூடிவிட வேண்டியதுதான். பிறகு கால் தவறுதலாகப் பட்டாலும் எதுவும் கெடாது.

அதன் ‘குறைகள்’ என்று சொல்லப்படுபவற்றையும் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரு சுரம் மட்டுமே ஒலிக்கும். கால் நழுவிப் பக்கத்துக் கட்டையையும் சேர்த்து மிதித்துவிட்டால், இரண்டு தாழ்ந்த சுரங்கள் மோதிக் குழம்பாமல் இருக்க இதைவிட நல்ல ஏற்பாடு வேறென்ன? காலை எடுத்த பிறகும் ஒலி மெல்ல அடங்கும்படி செய்ய ஒரு பொத்தான். ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்கு வழுக்கிச் செல்ல இன்னொன்று. கால் ஒரு கட்டையிலிருந்து மறு கட்டைக்குத் தாவும் இடைவெளியை இவை நிரப்பிவிடும்.

1981இல் அதன் வாரிசாக ‘டாரஸ் 2’ வந்தது. கட்டைகள் 18 ஆயின. ஆனால் கட்டுப்பாட்டுப் பலகை ஒரு கம்பத்தின்மேல் ஏறி, கைக்கு எட்டும் உயரத்தில் நின்றது. ஒலியை நுணுக்கமாக மாற்றலாம், குனிய வேண்டாம், பிற கருவிகளுடன் இணைக்கலாம் என்று இதற்காக வாதாடுவோர் உண்டு. அதில் நியாயமும் இருக்கிறது. உள்ளே இருந்த மின்சுற்று மாறியதால் ஒலியும் மாறியது. பலர் முதல் டாரஸையே விரும்பியதற்கு அதுவும் ஒரு காரணம். என் கேள்வி வேறு. இரண்டு கைகளும் கிட்டாரில் இருப்பதால்தானே ஒருவர் கால் கருவியைத் தேடி வந்தார்? அவரிடம் கைக்கான குமிழ்களைக் கொடுத்தால் எந்தக் கையால் திருப்புவார்? வசதிகள் கூடின, அவற்றை எட்டும் வழி அடைபட்டது.

இது இசைக்கலைஞர்களின் சிறு மனக்குறை என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2017 ஆகஸ்ட் 21ஆம் தேதி அதிகாலையில், நம் சிங்கப்பூர் நீரிணையை நெருங்கிக்கொண்டிருந்த அமெரிக்கப் போர்க்கப்பல் ஜான் எஸ். மெக்கெய்ன், ஓர் எண்ணெய்க் கப்பலுடன் மோதியது. 10 மாலுமிகள் மாண்டனர். கப்பலின் வேகக் கட்டுப்பாட்டை வேறொரு தொடுதிரைக்கு மாற்ற முயன்றபோது, சுக்கானின் கட்டுப்பாடும் சேர்ந்து போய்விட்டது. சுக்கான் செயலிழந்ததாக மாலுமிகள் நினைத்தனர். வேகத்தைக் குறைத்தபோது இரண்டு உந்துவிசிறிகளில் ஒன்று மட்டுமே தணிந்தது. கப்பல் திசை திரும்பியது. பயிற்சியிலும் மேற்பார்வையிலும் இருந்த குறைகளை அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் சுட்டியது. தொடுதிரையின் வடிவமைப்பு பிழைக்கான வாய்ப்பைக் கூட்டியது என்றும் அது சொன்னது. 2019இல் அமெரிக்கக் கடற்படை, இத்தகைய கப்பல்களில் கையால் பிடித்துத் தள்ளும் வேகக் கைப்பிடிகளை மீண்டும் பொருத்த முடிவெடுத்தது. அந்தக் கைப்பிடிகள் இரண்டும் ஒரே அளவில் இருக்கின்றனவா என்பது கை வைத்த உடனே தெரிந்துவிடும்.

தொடுதிரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நின்று நிதானமாக வரைபடம் பார்க்க அதைப்போல் வசதியானது வேறில்லை. அவசரத்தில், பார்க்காமல் இயக்க வேண்டியவை மட்டும் உடம்புக்குத் தெரிந்த இடத்தில், உடம்புக்குத் தெரிந்த வடிவத்தில் இருக்க வேண்டும். முதல் டாரஸ் செய்த பாகுபாடும் இதுதான்: வாசிக்கும்போது தேவைப்படுபவை பாதத்தின் கீழ், மற்றவை மூடிக்கு அடியில்.

அடுத்த முறை புதிய கார் பார்க்கப் போகும்போது, திரை எத்தனை அங்குலம் என்று கேட்பதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். வண்டி நிற்கும்போதே கண்களை மூடிக்கொண்டு, கண்ணாடியின் பனிமூட்டத்தை நீக்கும் பொத்தானைத் தேடிப் பாருங்கள். கை அதைக் கண்டுபிடிக்கவில்லையென்றால், அடைமழையில் நெடுஞ்சாலையில் செல்லும்போது அதைத் தேடப்போவது உங்கள் கண்கள்தாம். அந்த நேரத்தில் அவை சாலையில் இருக்காது.