பின்சீட்டுக்காரர்களின் அம்பாசிடர்

வெளிநாட்டில் வேலை பார்க்கும் சபுராளிகள் விடுமுறையில் வரும் மாதங்களில் எங்கள் லால்பேட்டைத் தெருக்களில் பென்ஸும் பி.எம்.டபிள்யூவும் எதிரெதிரே வந்து நின்று, யார் ரிவர்ஸ் எடுப்பது என்று ஹாரனிலேயே பேசிக்கொள்ளும். பார்த்துக்கொண்டிருக்கும் பெரியவர்கள் தவறாமல் சொல்வது: "என்ன இருந்தாலும் அம்பாசிடர் மாதிரி வருமா?"

வராதுதான். முன்சீட்டு ஒரே பெஞ்சு. கியர் ஸ்டியரிங்கை ஒட்டியே இருந்ததால் டிரைவர் பக்கத்தில் இரண்டு பேர் உட்காரலாம். பின்னால் நாலு பேர், மடியில் பிள்ளைகள், டிக்கியில் பிரியாணி தேக்சா. ஒரே நடையில் பாதிக் குடும்பம் நிக்காஹுக்குப் போய் இறங்கிவிடும். இப்போதைய பி.எம்.டபிள்யூ 7 சீரிஸ் அதைவிட ஒரு மீட்டர் நீளம். பின்சீட்டில் முதுகுக்கு மசாஜ்கூட உண்டு. ஆனால் நடுவில் மூன்றாவதாக ஒருவர் உட்கார்ந்தால் காலை எங்கே வைப்பது என்று தெரியாது.

ஒன்றைக் கவனித்திருக்கிறேன். அம்பாசிடரைப் புகழ்கிறவர்களில் பெரும்பாலோர் அதில் பின்சீட்டில் போனவர்கள். ஓட்டியவர்களைக் கேளுங்கள். பவர் ஸ்டியரிங் இல்லாத வண்டியை நம் சந்துகளில் திருப்பித் திருப்பித் தோள்பட்டை இறங்கிப்போனவர்கள் அவர்கள். நெடுங்காலம் நாலு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். ராத்திரி வீராணம் ஏரிக்கரைச் சாலையில், ஒரு பக்கம் தண்ணீர், எதிரே ஹைபீம் போட்டு வரும் பஸ், உள்ளே ஒன்பது உயிர். ஏபிஎஸ்ஸும் ஏர்பேக்கும் சும்மா பகட்டு என்று யாராவது சொன்னால் நான் டிரைவர் கட்சி.

அந்த வண்டி அத்தனை காலம் ஓடியதற்குக் காரணம் நம் பாசம் மட்டுமல்ல. 1956-இல் இங்கிலாந்தில் வந்த மோரிஸ் ஆக்ஸ்போர்டின் உடம்பை, 1958 முதல் 2014 வரை ஏறக்குறைய அப்படியே கொல்கத்தா பக்கத்து உத்தர்பாராவில் அடித்துக்கொண்டிருந்தார்கள். லைசென்ஸ் ராஜ்யத்தில் போட்டிக்கு அதிக ஆளில்லை. பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்திருக்க வேண்டும். 1983-இல் மாருதி வந்ததும் நிலைமை மாறியது. வேடிக்கை என்னவென்றால், நாம் 'ஃபாரின் வண்டி' என்கிற பி.எம்.டபிள்யூவை 2007 முதல் செங்கல்பட்டுப் பக்கம் அசெம்பிள் செய்கிறார்கள். இங்கிருந்து காலையில் கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடலாம்.

புதுசுக்கு ஒரு சங்கடம் உண்டு. விடுப்பு முடிந்து சொந்தக்காரர் குவைத்துக்கு விமானம் ஏறியதும் வண்டிக்கு உறை போட்டுவிடுகிறார்கள். நிறுத்தியே வைத்தாலும் உள்ளிருக்கும் கம்ப்யூட்டர்கள் பேட்டரியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டிருக்கும். பழைய அம்பாசிடர் என்றால் முன்னால் ஹேண்டிலைச் செருகி ஒரு சுற்று சுற்றலாம். இதற்கு அது நடக்காது. அதனால் குவைத்திலிருந்து வாட்ஸ்அப்பில் குரல் வருகிறது: "மச்சான், வாரத்துக்கு ஒருதரம் ஸ்டார்ட் பண்ணி கொஞ்ச தூரம் ஓட்டிட்டு வந்து போடுங்க." மச்சானும் சிதம்பரம் வரைக்கும் ஓட்டிவிட்டு வருகிறார், குடும்பத்தோடு. பெட்ரோல் கணக்கு குவைத்துக்குப் போகிறது.