பாட்டுக் கட்டியவரும் பக்கத்தில் நிற்கட்டும்



ஆண்டு விழாக்களின் காலம் வந்துவிட்டது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் பள்ளி, கல்லூரி மைதானங்களில் பந்தல் போடத் தொடங்கிவிட்டார்கள். பிள்ளைகள் மாலை நேரங்களில் ஆடிப் பழகுகிறார்கள். ஆசிரியர்கள் கூடவே இருந்து பாடுபடுகிறார்கள். ஆனால் மேடையில் ஒலிக்கும் பாட்டு மட்டும் பெரும்பாலும் பென் டிரைவிலிருந்து வருகிறது. வாசிப்பதும் பாடுவதும் பிள்ளைகளாகவே இருந்து, பாட்டை எழுதி மெட்டமைத்தவரும் அவர்கள் நடுவில் நின்று பாடும் ஒரு மேடை நம் மாவட்டத்தில் வேண்டும். இந்த மாதம் உங்களோடு பேச விரும்புவது அதைப் பற்றித்தான்.

2014 அக்டோபர் 24 அன்று பாஸ்டன் நகரின் சிம்பனி ஹாலில் இப்படியொரு மேடை அமைந்தது. வந்த விருந்தினர் ஏ.ஆர். ரகுமான். வாசித்தவர்களும் பாடியவர்களும் பெர்க்லீ இசைக் கல்லூரியின் மாணவர்கள். 1945இல் தொடங்கப்பட்ட அந்தக் கல்லூரி, ஜாஸ் இசையைப் பாடமாகக் கற்பித்தே பெயர் பெற்றது. அங்கே படிக்க வந்த இந்தியப் பாடகி அனெட் பிலிப் 2011இல் மாணவர்களைக் கொண்டு ஓர் இந்திய இசைக்குழுவைத் தொடங்கினார். பல நாட்டுப் பிள்ளைகள் அதில் சேர்ந்தார்கள். நம் மொழிகளைக் காதிலேயே கேட்டிராத பிள்ளைகள், சொல் சொல்லாக உச்சரிப்பைக் கற்று, ரகுமானின் பாடல்களை அவர் முன்னிலையிலேயே பாடினார்கள். அந்த நாளில் கல்லூரி அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. பட்டத்தைவிட அந்தப் பயிற்சியைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். பாட்டுக்கு உரியவர் வந்து கேட்கப்போகிறார் என்று தெரிந்தால் ஒரு மாணவன் எப்படிப் பழகுவான்! அதே குழு பின்னாளில் வெளியிட்ட ‘ஷுருவாத்’ என்ற தொகுப்பு, 2023 கிராமி விருதுக்கான பரிந்துரைப் பட்டியலில் இடம்பெற்றது.

பாட்டமைத்தவரே குழுவோடு நின்று இசைப்பதற்கு அமெரிக்காவில் நீண்ட மரபு உண்டு. ட்யூக் எலிங்டன் 1965இல் சான் பிரான்சிஸ்கோவின் கிரேஸ் பேராலயத்தில் தம் ஜாஸ் குழுவையும் பாடகர் குழுவையும் ஒன்றாக நிறுத்தி இசைத்தார். தம் குழுவில் யார் எப்படி ஊதுவார், யாருக்கு எந்த ஒலி இயல்பாக வரும் என்று அறிந்து, அவரவர்க்கென்றே எழுதியவர் அவர். நியூயார்க்கின் லிங்கன் சென்டர் ஜாஸ் அமைப்பு 1990களின் நடுவிலிருந்து அவருடைய இசைக்குறிப்புகளைப் பள்ளிகளுக்கு இலவசமாக அனுப்பி வருகிறது. குறிப்பு கையில் கிடைத்தால் சிறிய ஊர்ப் பள்ளியும் நல்ல இசையை வாசிக்க முடியும்.

நம் பக்கம் வருவோம். தமிழில் சேர்ந்திசை என்றால் முதலில் சொல்ல வேண்டிய பெயர் எம்.பி. சீனிவாசன். மானாமதுரைக்காரர். திரைப்பட இசைக் கலைஞர்களுக்குச் சங்கம் அமைத்தவர். ‘பாதை தெரியுது பார்’ படத்துக்கு இசையமைத்தவர். இத்தனையும் செய்த மனிதர், எழுபதுகளில் சென்னை இளைஞர் சேர்ந்திசைக் குழுவை வளர்ப்பதில் தம் உழைப்பைக் கொட்டினார். பாரதி பாடல்களைப் பல குரல்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். நம் இசை ஒற்றை மெட்டு வழியே நடப்பது. கூட்டமாகப் பாடினாலும் எல்லாரும் ஒரே சுரத்தைத்தான் பிடிப்போம். பெண் பிள்ளைகளுக்கு ஐந்து கட்டை சுகமாக இருக்கும். குரல் உடைந்த பையன்களுக்கு ஒரு கட்டைதான் ஒத்துவரும். எல்லாரையும் ஒரே சுருதியில் பாட வைத்தால் ஒரு பாதி கத்தும், மறு பாதி முனகும். சீனிவாசன் செய்தது, ஒரு பிரிவு மெட்டைப் பிடிக்க, இன்னொரு பிரிவு அதற்குக் கீழே வேறு சுரங்களில் நடக்க, ராகத்தின் சாயல் கெடாமல் இரண்டையும் பொருத்தியது. எந்தக் குரலும் வீணாகாது. சங்கீதம் படிக்காத இளைஞர்களையும் அவரால் மேடையேற்ற முடிந்தது இதனால்தான். 1988இல் அவர் மறைந்தார். அவர் காட்டிய வழி நம் பள்ளிகளுக்கு இன்னும் வந்து சேரவில்லை என்பது எனக்குத் தீராத வருத்தம்.

இப்படியொரு மேடைக்கு வேண்டிய ஆட்கள் எல்லாரும் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். விழுப்புரத்தில் மாவட்ட அரசு இசைப் பள்ளி இருக்கிறது. குரலிசை, நாதசுரம், தவில், தேவாரம், பரதநாட்டியம், வயலின், மிருதங்கம் என்று மூன்றாண்டுப் படிப்பு. திண்டிவனத்தின் தேவாலயங்களில் பாடகர் குழுக்கள் கிறிஸ்துமஸுக்கு முன்பே கூடி, குரல் பிரித்துப் பாடிப் பழகுகின்றன. கீபோர்டும் பேஸ் கிட்டாரும் வாசிக்கத் தெரிந்த பிள்ளைகள் அங்கேதான் உருவாகிறார்கள். பேண்டு வாத்தியக் குழுக்களில் டிரம்பெட்டும் கிளாரினெட்டும் சாக்ஸபோனும் ஊதுகிறவர்கள் இருக்கிறார்கள். சாக்ஸபோன் நமக்கு அந்நியம் என்று இனி யாரும் சொல்ல முடியாது. கத்ரி கோபால்நாத் அதில் கர்நாடக இசையை முழுதாக வாசித்துக் காட்டிவிட்டார், ‘டூயட்’ படம் அதை வீடுதோறும் கொண்டுபோய்ச் சேர்த்தது. நம் தெருக்கூத்தில் கூத்தர் ஓர் அடி பாட, பின்பாட்டுக்காரர்கள் அதை வாங்கிப் பாடுவார்கள். முகவீணை நடுவில் புகுந்து தனக்குத் தோன்றியதை வாசித்துவிட்டு விலகும். ஜாஸ் மேடையில் நடப்பதும் ஏறத்தாழ இதுதான். ஒருவர் தம் கற்பனையை வாசிக்க, மற்றவர்கள் தாளத்தைத் தாங்கி நிற்பார்கள், பிறகு எல்லாரும் சேர்ந்துகொள்வார்கள்.

பாட்டுக் கட்டுகிறவர்களுக்கும் பஞ்சமில்லை. வானூர் வட்டத்து ஆரோவில்லில் வேளாண்மை செய்யும் கிருஷ்ணா மெக்கன்சி, இங்கிலாந்தில் பிறந்தவர். தம் ‘எமர்ஜென்ஸ்’ குழுவோடு தமிழில் பாட்டுப் பாடுகிறார். பக்கத்துப் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்த கே.ஏ. குணசேகரன், ‘தன்னானே’ குழுவைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பாடியவர். 2016இல் அவர் மறைந்தபோது ஒரு தலைமுறைப் பாடகர்கள் ஆசானை இழந்தார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தில் பாட்டெழுதிப் பாடியவர்கள் இன்றும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களை அழைத்து ஒரு நாற்காலி போட்டுச் சால்வை போர்த்தி அனுப்புவதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். அவர்களில் ஒருவரை ஒரு மாதத்துக்கு முன்பே அழையுங்கள். அவருடைய மூன்று பாடல்களைப் பிள்ளைகள் கற்கட்டும். அவரும் வந்து உட்கார்ந்து, இந்த இடத்தில் இழுக்காதே, இந்தச் சொல்லை அழுத்து என்று சொல்லட்டும். எந்த வரி எப்போது பிறந்தது என்பதை எழுதியவர் வாயால் கேட்டவர்கள், அதன் பிறகு அதை வேறு விதமாகப் பாடுவார்கள்.

பயிற்சி தருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாதசுரமும் தவிலும் பிள்ளைகளின் குரலை மூழ்கடித்துவிடும். குரல் ஓய்ந்த இடத்தில் அவற்றை நுழைய விடுங்கள். நாதசுரம் பெரும்பாலும் இரண்டு, இரண்டரைக் கட்டையில் நிற்பது. மற்றக் கருவிகளை அதற்கேற்பச் சேருங்கள். நன்றாகப் பாடும் நாலு பேரை மட்டும் பொறுக்கி எடுக்காதீர்கள். கைத்தட்டித் தாளம் பிடிக்கத் தெரிந்த பிள்ளைக்கும் அந்தக் குழுவில் வேலை உண்டு.

பள்ளிக் கல்வித் துறை 2022 முதல் கலைத் திருவிழாவை நடத்தி வருகிறது. குழுப் பாட்டையும் கருவி இசையையும் ஒரே மேடையில் இணைக்க அது நல்ல வாய்ப்பு. தலைமையாசிரியர்களும் கல்லூரி முதல்வர்களும் மனம் வைத்தால் வரும் ஆண்டிலேயே தொடங்கிவிடலாம். இசைப் பள்ளி மாணவர்களும் தேவாலயப் பாடகர் குழுவும் சந்தித்துக்கொள்ள ஒரு சனிக்கிழமை மாலையும் ஒரு வகுப்பறையும் போதும்.

உங்கள் பள்ளியிலோ கல்லூரியிலோ இப்படி ஒரு குழு ஏற்கெனவே இருந்தால் எங்களுக்கு எழுதுங்கள். புதிதாகத் தொடங்க நினைத்தாலும் எழுதுங்கள். எத்தனை பிள்ளைகள், என்னென்ன கருவிகள், யாருடைய பாட்டு என்பதையும் குறிப்பிடுங்கள். வரும் இதழ்களில் உங்கள் கடிதங்களுக்காகத் தனியாக இரண்டு பக்கங்கள் ஒதுக்கிவைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்