முதற் கைத்துப்பாக்கி

தகடூர் என்னும் பழம்பெயர் பூண்ட நம் தருமபுரியிலே படைக்கலத்தைப் பற்றிப் பேசப் புகுவார்க்கு ஔவையாரும் அதியமானும் நினைவிற்கு வாராதிரார். தொண்டைமானிடம் தூது சென்ற அம்மூதாட்டியார், அவனுடைய ஆயுதசாலையில் மாலையும் பீலியும் சூட்டி நெய் பூசி வைத்திருந்த படைகளைக் கண்டு, தம் தலைவனுடைய படைகளோ போரில் நுனி முரிந்து கொல்லன் உலைக்களத்தே கிடக்கின்றன என்று கூறிய செய்தி புறநானூறு பயின்றோர் அனைவரும் அறிந்ததே. அதிற் போற்றப்படுவது வீரம். ஆயின் இன்று நாம் எண்ண வேண்டுவது வேறொன்று. பூட்டி வைக்கப்பட்ட படைக்கலத்தின் திறவுகோல் எவர் கையில் இருத்தல் வேண்டும் என்பதே அது.

இவ்வெண்ணம் எமக்கு எழுந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எம்மிடம் பயின்று வெளியேறிய மாணவ நண்பர் ஒருவர் சென்ற ஆண்டு எம்மைக் காண வந்தார். பென்னாகரத்திற்கு மேற்கே, காட்டை அடுத்த சிற்றூரிலே பிறந்தவர். கல்லூரியில் தேசிய மாணவர் படையிற் சேர்ந்து .22 துப்பாக்கியாற் குறிபார்க்கக் கற்றவர். பின்னர் வேலையின் நிமித்தம் பக்கத்து நகரில் வாழ்ந்தபோது, ஆங்குள்ள சுடுதற் சங்கம் ஒன்றிற் சேர்ந்து 10 மீட்டர்க் காற்றுக் கைத்துப்பாக்கியில் தேர்ச்சி பெற்றார். இப்பொழுது 25 மீட்டர்ப் போட்டிக்குரிய .22 கைத்துப்பாக்கி ஒன்றைத் தமக்கெனச் சட்டப்படி வாங்க விரும்புகின்றார். அதற்கு உரிமம் வேண்டி விண்ணப்பம் எழுதுதற்கு எம் துணையை நாடினார். தம் அன்னையார் இதற்கு இசையவில்லை என்பதையும் சற்றே தயங்கிக் கூறினார்.

அவ்வன்னையார் இசையாமைக்குக் காரணம் அறியாமை அன்று. அவருடைய மாமனார் வீட்டுக் கூரையிலே ஒரு நாட்டுத் துப்பாக்கி செருகப்பட்டிருந்ததாம். வாய்வழியே கருமருந்தும் ஈயக்குண்டும் இட்டுக் கெட்டிக்கும் பழைய வகை அது. உரிமம் இல்லை. கேழ்வரகுக் கொல்லையில் இரவிற் பன்றி இறங்கினால் அதன் ஓசையே போதும் என்பர். காட்டிலாகா அதிகாரியோ போலீஸாரோ ஊருக்குள் வருகின்றனர் என்ற செய்தி எட்டும்போதெல்லாம் அதனை எடுத்து வைக்கோற் போரில் மறைப்பது அப்பெண்மணியின் கடமையாயிருந்தது. மணமாகி வந்த நாள் தொட்டு ஆண்டுகள் பல அவ்வச்சத்திலேயே அவர் கழித்தார். ஒருநாள், உரிமமற்ற துப்பாக்கிகளைத் தாமே கொணர்ந்து ஒப்படைப்போர் மீது வழக்கில்லை என்று ஊரிலே அறிவித்தபோது, கிழவர் அதனைச் சாக்கிற் சுற்றி எடுத்துச் சென்று ஒப்படைத்துவிட்டு வந்தார். அன்று இரவு தான் அச்சமின்றி உறங்கியதாக அவ்வம்மையார் மகனிடம் பன்முறை கூறியிருக்கின்றார். அத்தகைய வீட்டிற்குள் மீண்டும் ஒரு துப்பாக்கி வருவதை அவர் எங்ஙனம் ஏற்பார்?

ஈண்டு நாம் ஒரு வேறுபாட்டைத் தெளிய உணர்தல் வேண்டும். கூரையில் ஒளித்த துப்பாக்கியும், உரிமம் பெற்றுப் பெட்டியிற் பூட்டிய துப்பாக்கியும் இரும்பால் ஒன்றேயாயினும் இயல்பால் ஒன்றல்ல. முன்னதற்கு எவரும் பொறுப்பாளர் அல்லர். அது யார் கைக்கும் போகும். பின்னதற்கோ பெயரும் எண்ணும் ஏடும் உண்டு. அதனால் நேரும் தீங்கு அனைத்திற்கும் விடை கூற ஒருவர் உளர்.

இந்நாட்டில் உரிமம் என்னும் சொல்லுக்கே ஒரு கசப்பான வரலாறு உண்டு. 1878-ஆம் ஆண்டில், லிட்டன் பிரபு ஆட்சியில், ஆயுதச் சட்டம் இயற்றப்பட்டது. இந்தியர் உரிமமின்றி ஆயுதம் வைத்திருத்தல் குற்றமாயிற்று. ஐரோப்பியரோ அதனினின்று விலக்குப் பெற்றிருந்தனர். இவ்வேற்றுமையைத் தேசத் தலைவர்கள் பலரும் கண்டித்தனர். விடுதலைக்குப் பின் 1959-இல் புதிய ஆயுதச் சட்டம் பிறந்தது. 1962-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் அது நடைமுறைக்கு வந்தது. நிறம் பார்த்து உரிமம் வழங்குதல் ஒழிந்தது. போதிய சொத்து இல்லை என்ற ஒரு காரணம் பற்றியே ஒருவருக்கு உரிமம் மறுத்தலாகாது என்றும் அச்சட்டம் வெளிப்படையாகக் கூறுகின்றது. ஏழைக் குடியானவன் மகனாகிய எம் மாணவருக்கு இவ்வாசகமே முதற்றுணை.

எனினும் எல்லாத் துப்பாக்கியையும் சட்டம் ஒருபடித்தாகக் கருதவில்லை. பயிர்காவலுக்கெனக் கோரும் வாய்வழித் துப்பாக்கிக்கும், அங்கீகாரம் பெற்ற சங்கத்தின் உறுப்பினர் குறிப்பயிற்சிக்கெனக் கோரும் .22 நீள்துப்பாக்கிக்கும், தடை கூறத்தக்க வேறு காரணம் இல்லையாயின் உரிமம் வழங்குக என்பது அதன் போக்கு. கைத்துப்பாக்கிக்கோ அங்ஙனம் அன்று. விண்ணப்பிப்பவர் தகுந்த காரணம் காட்டி அதிகாரியின் மனநிறைவைப் பெறுதல் வேண்டும். இது நியாயமே என்பது எம் கருத்து. நீள்துப்பாக்கியை மறைத்தல் அரிது. கைத்துப்பாக்கியை மடியிலும் மறைக்கலாம். எளிதில் மறைவதற்குக் கடிய காவல் வேண்டுமன்றோ?

வழிமுறையை அறியாமல் இடைத்தரகரிடம் பொருளிழப்போர் உளராதலின் அதனையும் சுருங்கக் கூறுகின்றோம். விண்ணப்பதாரருக்கு 21 வயது நிறைந்திருத்தல் வேண்டும். மாவட்டத்திலே உரிமம் வழங்குபவர் மாவட்ட ஆட்சியராகிய மாஜிஸ்திரேட். 2016-ஆம் ஆண்டின் ஆயுத விதிகளின்படி, துப்பாக்கியைக் காப்பாகக் கையாளவும் வைத்திருக்கவும் பயின்றமைக்குச் சான்றும், உடல்நலமும் மனநலமும் பற்றிய மருத்துவர் சான்றும் இணைத்தல் வேண்டும். போலீஸார் விசாரித்து 30 நாட்களுக்குள் அறிக்கை அளித்தலும், அவ்வறிக்கை கிடைத்தபின் 60 நாட்களுக்குள் முடிவு கூறுதலும் விதி. மறுப்பின் அதற்குரிய காரணம் எழுத்தில் பதியப்படல் வேண்டும், மேல்முறையீட்டிற்கும் இடமுண்டு. உரிமம் கிடைத்த பின்னரே உரிமம் பெற்ற வணிகரிடம் துப்பாக்கி வாங்கலாம். வாங்கியபின் அதன் எண் உரிமத்தில் ஏறுதல் வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி உரிமத்தின் காலம் 5 ஆண்டு. இவற்றையெல்லாம் விடுத்து உரிமமின்றி ஒன்றை வைத்திருப்பின், அதே திருத்தத்தின்படி 2 ஆண்டிற்குக் குறையாத சிறைவாசம் உண்டு; அது 5 ஆண்டு வரையும் நீளலாம்.

இத்தனை படிகள் எதற்கு என்று இளைஞர் சலித்துக்கொள்வர். அவர்கட்கு யாம் கூறும் விடை இது: குறிபார்த்தற் கலையே பொறுத்தற் கலைதான். 10 மீட்டர்க் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியிலே பத்துப் புள்ளி வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டரே. அதனை நோக்கி 75 நிமிடத்தில் 60 முறை சுடுதல் வேண்டும். மூச்சை அடக்கி, மனத்தை அடக்கி, உகந்த கணம் வாராதபோது கையைத் தாழ்த்தி மீண்டும் தொடங்கத் தெரிந்தவனே அதில் வெல்லுவான். சுடாமல் கை தாழ்த்தும் திறமே சுடுவோன் கற்கும் முதற்பாடம். அத்தகையோன் சில திங்கள் ஓர் அலுவலகத்தின் விடைக்குக் காத்திருக்க மாட்டானாயின், அவன் கற்றது யாது?

ஆனால் காத்திருத்தல் வேறு. விடையே இன்றிக் கிடத்தல் வேறு. தாமதம் விதிக்கு உட்பட்டதாயின் அது காவல். விதியைக் கடந்து, ஆம் என்றும் இல்லை என்றும் கூறாமல் ஒரு விண்ணப்பம் அடுக்கிலே உறங்குமாயின், அது காவலும் அன்று, நீதியும் அன்று. செல்வரும் செல்வாக்குடையோரும் எவரையேனும் பிடித்து விடை பெறுவர். காட்டோரத்துச் சிற்றூரான் யாரைப் பிடிப்பான்? நேர்வழி அவனுக்கு மட்டும் மூடியிருப்பின், கூரையிலே செருகும் பழவழி திறந்தே கிடக்கும். ஆதலின் மறுப்பதாயின் காரணத்தோடு காலத்தில் மறுக்கட்டும் என்பதே எம் வேண்டுகோள்.

கடல் கடந்து வாழும் நம் தமிழர் பலர் குடியேறியுள்ள கனடா நாட்டின் நிலையையும் ஒப்பிட்டு நோக்கலாம். ஆங்குக் கைத்துப்பாக்கிகளைப் பதிவு செய்யும் முறை 1934-ஆம் ஆண்டிலேயே ஏற்பட்டது. புதிதாகக் குடியேறிய ஒருவரும் பாதுகாப்புப் பாடம் பயின்று, தேர்விற் தேறி, முதல் உரிமத்திற்குக் குறைந்தது 28 நாள் காத்திருந்து, பின்னர் விளையாட்டிற்கெனக் கைத்துப்பாக்கி வாங்குதல் முன்னர் இயன்றது. 2022 அக்டோபர் 21 முதல் தனி மனிதர் கைத்துப்பாக்கி வாங்குவதும் விற்பதும் அங்கே நிறுத்தப்பட்டன. 2023 டிசம்பரில் அது சட்டமாகவே நிலைபெற்றது. ஒலிம்பிக் தரத்துப் போட்டிகளுக்குப் பயில்வோர் போன்ற சிலருக்கே விலக்கு. அந்நாட்டார் கதவைச் சாத்திவிட்டனர். நம் நாட்டார் கதவைத் திறந்து வைத்து, வாயிலிற் காவலனை நிறுத்தியுள்ளனர். காவலன் விழிப்பாயிருப்பானாயின் நம் முறை தாழ்ந்ததன்று என்பது எம் துணிபு.

கைத்துப்பாக்கியே வேண்டா, விளையாட்டிற்கு வேறு எத்தனையோ உண்டே என்பாரும் உளர். அவர்தம் அச்சத்தை யாம் இகழோம். ஆயினும் 2012-இல் இலண்டனில் விஜய் குமார் 25 மீட்டர் விரைவுக் கைத்துப்பாக்கிப் போட்டியிலே வெள்ளிப் பதக்கம் பெற்றார். 2024-இல் பாரிஸில் மனு பாக்கர் காற்றுக் கைத்துப்பாக்கியால், தனியே ஒன்றும் சரப்ஜோத் சிங்கோடு சேர்ந்து ஒன்றுமாக, இரண்டு வெண்கலப் பதக்கங்கள் பெற்றார். அப்பெருமையைக் கொண்டாடும் நாம், அதற்குரிய கருவியைச் சட்டவழியில் நாடும் சிற்றூர் இளைஞனை மட்டும் ஐயக்கண்ணால் நோக்குதல் முறையாகுமா? அன்றியும், இக்கலை தொடங்குதற்கு உரிமம் வேண்டும் துப்பாக்கி தேவையே இல்லை. ஆற்றல் 20 ஜூலுக்கு மிகாத 4.5 மில்லிமீட்டர்க் காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டா. அதிலே பல்லாண்டு பயின்று தேறியவரே அடுத்த படி ஏறத் தக்கவர்.

இதற்கு நம் மாவட்டம் செய்யத்தக்கது ஒன்றுண்டு. இளைஞர் பயிலத்தக்க பொதுச் சுடுகளமும், துப்பாக்கிகளை வீட்டிற்குக் கொண்டு செல்லாமல் காவலோடு வைக்கத்தக்க அறையும் இங்கே அமையுமாயின், பலர் வீட்டில் துப்பாக்கி வைக்கவேண்டிய தேவையே இராது. தாய்மார் அச்சமும் நீங்கும். பிள்ளைகள் ஆர்வமும் வீணாகாது. காட்டோரக் குடியானவருக்கும் அத்தகைய இடமே நல்லாசானாகும். உரிமம் பெற்ற துப்பாக்கியும் வேட்டைக்கன்று என்பதையும், 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் காட்டுயிரைக் கொல்லுதலைத் தடுக்கின்றது என்பதையும் அங்கே எடுத்துரைக்கலாம்.

எம் மாணவரது விண்ணப்பத்தை எழுதித் தந்தோம். ஆனால் உடனே கொடுக்கற்க, முதலில் அன்னையிடம் படித்துக் காட்டுக என்று கூறி அனுப்பினோம். இரு வாரம் கழித்து அவர் மீண்டும் வந்தார். அன்னையார் முழுவதும் கேட்டுவிட்டு ஒரே ஒரு வினா வினவினாராம்: "அந்தப் பெட்டிச் சாவி யார்கிட்ட இருக்கும்?" மகன், "உரிமம் என் பெயரில், அதனால் என்கிட்டத்தான் அம்மா, வேறு யாரும் தொடக் கூடாது" என்றாராம். "அப்போ நான் இனி எதையும் ஒளிக்க வேண்டியதில்லையே" என்று கூறிவிட்டு அவர் அடுப்படிக்குச் சென்றுவிட்டாராம்.

விண்ணப்பம் இப்பொழுது உரிய அலுவலகத்தில் இருக்கின்றது. முடிவு எதுவாயினும் ஏற்பேன் என்று அவர் கூறுகின்றார். இரும்புப் பெட்டியை மட்டும் முன்னரே வாங்கிச் சுவரிற் பதித்துவிட்டார். துப்பாக்கிக்கு முன் பூட்டை வாங்கிய அம்முறையை யாம் மிகவும் மெச்சுகின்றோம். பின்வருவோரும் அவ்வரிசையையே கைக்கொள்வாராக.