கதிரை வாழ்வு

கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்கவேண்டும் என்னும் பழமொழியைக் கேட்டு வளர்ந்தவர் நாம். மேய்ப்பவனாயின் நடப்பான், நமக்குக் கிடைத்ததோ மேய்ச்சலன்று, கதிரை.

இக்கல்லூரி வாங்கினின்றும் எழுந்து கந்தோர்க் கதிரையில் அமர்ந்தோர் தொகை பெரிது. லிகிதர், கணக்காளர், இன்று கணினிமுன் இருப்போர் என அவ்வரிசை நீள்கின்றது. அதனால் விளைந்த பெருமையை நாம் மறுக்கின்றிலேம். ஆயினும், அக்கதிரை நம்மவர் உடலுக்குச் செய்த கேட்டினை இம்மலரிலேனும் பேசாதொழிதல் தகாது.

சென்ற ஒன்றுகூடலின்போது பந்தியில் பாயசம் வந்தது. நம் வரிசையில் இருந்த பதினொருவருள் எழுவர் கையால் இலையை மறைத்தனர். உண்டெழுந்தபின் சட்டைப்பைகளினின்றும் குளிசைகள் வெளிவந்தன. ஒருகாலத்தில் மைதானத்தில் நம்மை மூச்சிரைக்க ஓடவைத்த பந்தாட்ட வீரர் ஒருவர் மண்டபத்துப் படியேறக் கைபிடி தேடினார். முதுமைதானே என்று சிரித்தார். முதுமை மட்டுமே காரணம் என்று நமக்குத் தோன்றவில்லை. அவரினும் மூத்த கமக்காரர் இன்றும் மண்வெட்டி பிடிப்பதை நம்மூரிலேயே காண்கின்றோம்.

இஃது இன்று கண்ட புதுமையன்று. இத்தாலிய வைத்தியர் பெர்னார்டினோ ரமாசினி தொழிலாளர் நோய்கள் பற்றிய தம் நூலின் 1713ஆம் ஆண்டுப் பதிப்பிலே, எழுத்தர்க்கு வரும் பிணிகளின் காரணங்களுள் ஒன்றாக இடையறாது இருத்தலைக் கூறினார். 1953ல் ஜெரி மொரிசும் அவருடன் ஆய்ந்தோரும் இலண்டன் மாநகரின் இரட்டைத்தட்டு பஸ் வண்டிகளில் ஒரு வேற்றுமையைக் கண்டு வெளியிட்டனர். சாரதி நாள்முழுதும் இருப்பவர். நடத்துநரோ நாளொன்றில் 500 முதல் 750 படிகள்வரை ஏறி இறங்குபவர். ஒரே வண்டி, ஒரே தெரு, ஒரே புகை. எனினும் நடத்துநரிடத்து இருதய நோய் குறைவு. நடந்து கடிதம் கொடுக்கும் தபாற்காரரையும் மேசையில் இருக்கும் தபாற்கந்தோர் லிகிதரையும் ஒப்புநோக்கியபோதும் அவ்வாறே கண்டனர்.

பருத்தவரே சாரதிகளாய்ச் சேர்ந்திருக்கலாமன்றோ என்று கேட்போர் உளர். நியாயமான கேள்விதான். மொரிசின் குழுவினரே 1956ல் சீருடைக் காற்சட்டைகளின் இடுப்பளவை ஆராய்ந்து, சாரதிகள் இளவயதிலேயே பருத்திருந்தமையை ஒளியாது வெளியிட்டனர். ஆகவே குற்றம் முழுவதையும் கதிரைமேற் சுமத்துதல் ஆகாது. பின்வந்த ஆராய்ச்சிகள் பலவும் அத்திசையையே காட்டுதலின், அதனை விடுவித்தலும் ஆகாது.

காலின் கெண்டைத்தசை சுருங்குந்தோறும் குருதியை இருதயம் நோக்கி மேலே தள்ளுகின்றது. அசையாதிருப்பின் அவ்வேலை தளர்கின்றது. உண்ட சோற்றின் சர்க்கரையை எரிக்கவேண்டிய பெருந்தசைகளும் உறங்குகின்றன. பத்து இலட்சத்துக்கு மேற்பட்டோரின் தரவுகளைத் தொகுத்து 2016ல் லான்செற் இதழில் வெளியான கட்டுரையொன்று, நாளொன்றுக்கு 60 முதல் 75 நிமிடம்வரை விரைந்து நடத்தல் போன்ற முயற்சி செய்வோர்க்கு, நெடுநேர இருப்பினால் மிகும் இறப்பு அபாயம் பெரிதும் நீங்குவதாகக் காட்டிற்று. ஒரு மணித்தியாலத்துக்கு மேல்! நம் தந்தையர் சைக்கிளிற் கந்தோர் சென்று மீண்டதிலேயே அப்பங்கிற் பெரும்பகுதி முடிந்தது. நமக்கு மோட்டார்ச் சைக்கிள் வாசலில் நிற்கின்றது. கோவை எடுக்க எழுந்த சிறுநடையையும் கணினி பறித்துவிட்டது.

நம்மினும் மாணவர் நிலையே இரங்கத்தக்கது. காலை ஏழரை முதல் பிற்பகல் ஒன்றரைவரை பாடசாலை வாங்கு. அதன்பின் இரவுவரை ரியூசன் கொட்டில் வாங்கு. வைத்தியராகும் பொருட்டு இவ்வாறு அசையாதிருக்கும் பிள்ளை, நோயாளியாவதற்கும் உடன் பயில்கின்றான்.

இந்நிலையில், யூபிலி நினைவாக மைதானத்தின் கீழ்ப்புறத்தை எடுத்து மூன்றுமாடி வகுப்பறைத் தொகுதி எழுப்பவேண்டும் என்னும் யோசனை பழைய மாணவரிடையே உலவுகின்றது. எண்ணம் நல்லது, இடம் நன்றன்று. கட்டடத்துக்குப் பெயர்க்கல் உண்டு, வெறுந்தரைக்கு அஃதில்லை என்பதும் ஒரு காரணமோ என ஐயுறுகின்றோம், தவறாயின் பொறுத்தருள்க. பழைய விடுதியின் பின்னே பயனின்றிக் கிடக்கும் நிலம் போதும். இதுபற்றி முடிவுசெய்யும் பொதுக்கூட்டம் வழக்கம்போல் மூன்று மணித்தியாலம் நீளும். இடையே அரை மணித்தியாலம் நிறுத்தி, வந்தோர் அனைவரும் அக்கீழ்ப்புறத்தை ஒருமுறை நடந்து சுற்றிவந்தபின் வாக்கெடுக்குமாறு தலைவரை வேண்டுகின்றோம்.