ஆர்வம் ஓயலாம், கணக்கு ஓயக் கூடாது

தைப் பொங்கல் முடிந்த கையோடு தாமிரபரணிக் குளங்களில் ஆண்டுதோறும் ஒரு வேலை நடக்கிறது. இருட்டு விலகும் முன்பே குளக்கரை ஏறி, தண்ணீரில் இறங்கியிருக்கும் பறவைகளை இனம் வாரியாக எண்ணி எழுதும் வேலை. மணிமுத்தாறில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையமும், நெல்லை இயற்கைச் சங்கமும், தூத்துக்குடி முத்துநகர் இயற்கை அறக்கட்டளையும் சேர்ந்து 2011இல் தொடங்கிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இது. எண்ணப் போகிறவர்களில் பெரும்பாலோர் இதற்குச் சம்பளம் வாங்குபவர்கள் அல்லர். மாணவர்கள், ஆசிரியர்கள், அலுவலகம் போகிறவர்கள் என்று பறவை பார்ப்பதைப் பொழுதுபோக்காக வரித்துக்கொண்டவர்கள்தான்.

பொழுதுபோக்கு என்று வந்துவிட்டால் அதற்கு ஓர் ஆயுள் உண்டு. இன்று துடிப்போடு வருகிறவர் நாலு வருடம் கழித்து வரமாட்டார். இது நெல்லைக்கோ தூத்துக்குடிக்கோ மட்டும் உரியதல்ல. எந்த அமைப்பின் மீதும் நாம் சுமத்தும் குறையும் அல்ல. நாணயம் சேர்ப்பவர், மாடித்தோட்டம் போடுபவர், கேமராவைத் தூக்கிக்கொண்டு திரிபவர் எல்லோருக்கும் ஒருநாள் அலுப்பு வருகிறது. ஆனால் நாணயப் பெட்டியைப் பரணில் ஏற்றினால் நட்டம் அவருக்கு மட்டுமே. குளத்தை எண்ணுகிறவர் எண்ணாமல் விட்டால் நட்டம் குளத்துக்கும் ஊருக்கும் அடுத்த தலைமுறைக்கும். ஆகவே, “பிடித்தவரை செய்தேன், பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன்” என்பது எந்த இடத்தில் நியாயம், எந்த இடத்தில் தவறு என்று தீர்த்துச் சொல்லவேண்டியிருக்கிறது.

முதலில் ஆர்வம் எப்படித் தேய்கிறது என்று பார்ப்போம். திருச்செந்தூரில் இருக்கும் ஓர் இளைஞர் முதன்முதலாக இருநோக்கியைக் கையில் எடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருக்கு வாய்த்த ஊர் கொடுத்துவைத்த ஊர். கோயிலுக்குப் பக்கத்திலேயே கடல். ஊருக்குள் ஆவுடையார்குளம். குரும்பூர்ப் பக்கம் போனால் கடம்பாகுளம். ஆறுமுகநேரியில் உப்பளம், புன்னக்காயலில் ஆறு கடலில் சேரும் கழிமுகம், குதிரைமொழியில் செம்மணல் தேரி. கடல் ஆலாவும் உப்பளத்து உள்ளானும் குளத்து நாமக்கோழியும் தேரிக்காட்டுப் பனங்காடையும் ஒரே நாளில் பார்க்கக் கிடைக்கும் இடம் தமிழ்நாட்டில் அதிகமில்லை. முதல் சில மாதங்களில் பார்ப்பதெல்லாம் புதிது. பட்டியல் மளமளவென்று நீள்கிறது. வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டால் பாராட்டு குவிகிறது.

பிறகு பட்டியல் நின்றுபோகிறது. சுற்றுவட்டாரத்தில் பார்க்கக்கூடியதை எல்லாம் பார்த்தாயிற்று. இனி புதிதாக ஒன்று வேண்டுமென்றால் நூறு கிலோமீட்டர் பைக் ஓட்ட வேண்டும், அல்லது பெரிய லென்ஸ் வாங்க வேண்டும். அபூர்வப் பறவை ஒன்று இறங்கியிருக்கிறது என்று தகவல் வந்தால் எல்லோரும் ஓடுகிறார்கள். பத்து நாள் கழித்து அதே குளத்துக்கு யாரும் போவதில்லை. உலகெங்கும் பறவை பார்ப்பவர்கள் பயன்படுத்தும் இ-பேர்டு தளம் 2002இல் தொடங்கப்பட்ட அருமையான அறிவுக் களஞ்சியம். அதிலேயே வட்டாரவாரியாக முதல் நூறு பேர் யார் என்ற வரிசையும் இருக்கிறது. அந்த வரிசையில் ஏறுவதற்காகப் பார்க்கத் தொடங்கியவருக்கு, ஏற முடியாதபோது பார்ப்பதற்கே காரணம் இல்லாமல் போகிறது. இன்னொரு பக்கம், புதிதாக வந்தவர் மங்கலான ஒரு படத்தைப் போட்டு “இது என்ன பறவை?” என்று கேட்டால், “இதுகூடத் தெரியாதா?” என்கிறார் ஒருவர். பதில் சொன்னவர் மறந்துவிடுவார். கேட்டவர் அடுத்த முறை கேட்கமாட்டார். அதற்கடுத்த மாதம் குழுவிலேயே இருக்கமாட்டார்.

இதோடு வாழ்க்கையும் சேர்ந்துகொள்கிறது. வேலை சென்னைக்கோ வளைகுடாவுக்கோ இழுக்கிறது. கல்யாணம், குழந்தை, வீட்டுக் கடன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் குளக்கரையில் நிற்பது முடியாத காரியமாகிறது. இவற்றில் எதையும் குற்றம் என்று நாம் சொல்லமாட்டோம். ஆர்வம் ஓய்வது மனித இயல்பு. ஓய்ந்துபோனவரைத் துரோகி போலப் பேசுவது அநாகரிகம். இருக்கும் நாலு பேரையும் அந்தப் பேச்சே விரட்டிவிடும்.

ஆயினும் ஆர்வம் எதைக் கவனிக்கத் தவறுகிறது என்பதை மறக்கக் கூடாது. பனங்காடையை எடுத்துக்கொள்ளுங்கள். மின்கம்பியில் சாம்பிய பறவையாக உட்கார்ந்திருக்கும். சிறகை விரித்துப் பறந்தால் நீலம் பளீரென்று விரியும். மொட்டைப் பனையின் பொந்திலும் கூடு வைக்கும். உடன்குடிக்கும் தேரிக்குடியிருப்புக்கும் இடையே பனங்காட்டு வழியில் போகிற எவரும் அதைப் பார்த்திருப்பார்கள். புதிதாகப் பறவை பார்க்க வருகிறவர் முதல் வாரமே குதூகலத்தோடு எழுதிக்கொள்ளும் பறவை அது. இரண்டாவது ஆண்டு, “அதுதான் தினமும் பார்க்கிறோமே” என்று எழுதாமல் விடுகிற பறவையும் அதுவே. 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை இந்தப் பனங்காடை நாடு முழுவதும் கடுமையாகக் குறைந்துவருவதாகச் சொன்னது. அபாயப் பட்டியலில் அதன் இடத்தை மறுபடி ஆராய வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. அதே அறிக்கை, முருகனின் மயில் பெருகிவருகிறது என்றும் சொன்னது.

இரண்டு உண்மைகளும் எங்கிருந்து வந்தன? 30,000க்கு மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் எழுதிவைத்த ஏறத்தாழ 3 கோடி பதிவுகளிலிருந்து. அந்த அறிக்கை 942 இனங்களை மதிப்பிட்டது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 சதவீதம் குறைந்திருப்பதைக் கண்டது. இத்தனை பெரிய கணக்கில், அபூர்வப் பறவையைத் துரத்திப் போய் எடுத்த ஒரு படத்தைவிட, “இன்று பனங்காடை இரண்டு” என்று அலுக்காமல் எழுதிய ஒரு வரிக்கு எடை அதிகம். சாதாரணப் பறவை குறைவதை, அதை எப்போதும் எண்ணிக்கொண்டிருந்தவரால் மட்டுமே சொல்ல முடியும். ஆர்வம் புதியதைத் தேடி ஓடும். பழகியதைத் திரும்பத் திரும்ப எண்ணப் பொறுப்புத்தான் வேண்டும்.

குளக்கணக்கும் அப்படிப்பட்டதுதான். கரையில் நிற்பவர்களில் ஒருவர் பார்த்துச் சொல்ல, ஒருவர் எழுதுகிறார். நாமக்கோழிக் கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணி மாளாது. பத்துப் பத்தாகக் கட்டம் கட்டி எண்ணிக்கொண்டே போக வேண்டும். பாதியில் பருந்து ஒன்று மேலே வட்டமிட்டால் கூட்டம் மொத்தமும் எழும்பி இடம் மாறும். மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். தண்ணீர் எவ்வளவு, ஆகாயத்தாமரை எவ்வளவு பரவியிருக்கிறது, கரையில் குப்பை கொட்டுகிறார்களா என்றும் பார்த்துக் குறிக்க வேண்டும். படமெடுத்துப் போடும்படி இதில் ஒன்றும் இல்லை, கைதட்டலும் இல்லை. ஆனால் ஒரு குளத்தின் வரலாறு இப்படித்தான் எழுதப்படுகிறது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையை இந்த வட்டாரம் மறக்கவில்லை. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர், திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. பல குளங்கள் உடைந்தன, வயல் மண்மேடானது. அந்த வெள்ளத்துக்குப் பிறகு குளங்கள் எவ்வளவு தேறின, வலசைப் பறவைகள் பழையபடி திரும்பினவா என்று கேட்டால், ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய ஆண்டுகளின் கணக்கு வேண்டும். அந்தக் கணக்கில் பெரும்பங்கு, சம்பளமின்றிக் கரையில் நின்றவர்கள் எழுதிவைத்தது. எந்தக் குளத்தில் எந்த ஆண்டு எண்ண ஆளில்லாமல் போனதோ, அந்தக் குளத்தின் அந்த ஆண்டு என்றைக்குமாகப் போயிற்று. இப்போது ஆயிரம் பேர் திரண்டு வந்தாலும் போன ஜனவரியைப் போய் எண்ண முடியாது.

ஆகவே நம் முதல் தீர்ப்பு: ஆர்வம் குறைந்தவர் விலகுவதில் பிழையில்லை, சொல்லாமல் கொள்ளாமல் விலகுவது பிழை. ஒரு குளத்தை “நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று ஒருவர் ஏற்றுக்கொண்ட அன்றே அது பொழுதுபோக்கு என்ற நிலையைத் தாண்டிவிடுகிறது. பிறர் அவரை நம்பி அந்தக் குளத்தை விட்டிருக்கிறார்கள். போக விரும்புகிறவர் அடுத்த ஆளைக் கூட்டி வந்து, எந்தக் கரையில் நின்றால் வெயில் கண்ணில் படாது, எந்த மடைப் பக்கம் தாழைக்கோழி ஒளியும் என்பதைச் சொல்லிக்கொடுத்து, குறிப்பேட்டைக் கையில் கொடுத்துவிட்டுப் போகட்டும். அப்படிப் போகிறவருக்கு நாம் நன்றி மட்டுமே சொல்வோம்.

இரண்டாவது தீர்ப்பு இன்னும் கடுமையானது. அது குழுக்களின் மேல். பார்ப்பதைப் போட்டியாக்கியவர்கள், புதியவரின் கேள்வியை இளக்காரம் செய்தவர்கள், கூட்டைச் சுற்றி நின்று படமெடுத்ததைச் சாதனையாகக் கொண்டாடியவர்கள், பிறகு “இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஆர்வமே இல்லை” என்று புலம்பும் தகுதியை இழந்துவிட்டார்கள். ஆர்வம் தானாகச் சாவது ஒரு பங்கென்றால் கொல்லப்படுவது மூன்று பங்கு. ஒரு குழுவின் தரத்தை அதில் இருக்கும் நிபுணர்களின் எண்ணிக்கையை வைத்து அளக்கக் கூடாது. போன ஆண்டு வந்தவர்களில் எத்தனை பேர் இந்த ஆண்டும் வந்தார்கள் என்பதே சரியான அளவுகோல்.

உற்சாகம் வற்றிய பிறகும் தொடர முடியுமா என்று கேட்பவர்களுக்கு இந்த மண்ணிலேயே பதில் இருக்கிறது. நாங்குநேரி வட்டத்துக் கூந்தன்குளம் 1994இல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2022இல் ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. அதற்கெல்லாம் முன்பிருந்தே அவ்வூரார் மஞ்சள்மூக்கு நாரைகளைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகளாகப் பேணி, தீபாவளிக்கும் வெடி வெடிக்காமல் இருந்துவந்தார்கள். அங்கே பால்பாண்டி என்ற மனிதர் கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளைப் பொறுக்கி எடுத்து, மீன் கொடுத்து வளர்த்தார். அவரை இயக்கியது வரிசையில் இடம் பிடிக்கும் ஆசை இல்லை. அம்பாசமுத்திரம் அருகே திருப்புடைமருதூரில் ஊராரே முன்வந்து கேட்டதால் 2005இல் அங்குள்ள பறவைகளின் இருப்பிடம் இந்தியாவின் முதல் பாதுகாப்பு ரிசர்வ் ஆனது. இரண்டு ஊர்களிலும் பறவையைக் காத்தது தனி ஒருவரின் மோகத்தைவிட ஊரின் வழக்கமே.

நெல்லையில் பிறந்த மா. கிருஷ்ணனையும் நினைக்க வேண்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1950இல் ஆங்கில நாளேடு ஒன்றில் இயற்கை பற்றிய பத்தியைத் தொடங்கி, 1996இல் இறக்கும் வரை எழுதினார். நாற்பத்தாறு ஆண்டுகள் எழுத அபூர்வங்கள் போதாது. காக்கையையும் மைனாவையும் கீரியையும் திரும்பத் திரும்பக் கவனித்ததால்தான் அவரால் எழுத முடிந்தது. கடல் கடந்தும் ஒரு சான்று உண்டு. அமெரிக்காவில் கிறிஸ்துமஸ் நாளில் பறவைகளைச் சுட்டுக் குவிக்கும் போட்டிக்கு மாற்றாக, 1900இல் பிராங்க் சாப்மன் என்பவர் எண்ணும் வழக்கத்தைத் தொடங்கினார். முதல் ஆண்டு எண்ணியவர்கள் 27 பேர். அவர்கள் யாரும் இன்று இல்லை. கணக்கு 120 ஆண்டுகளைத் தாண்டி நடக்கிறது. ஆள் மாறும்போது பொறுப்பு கைமாறியதால்தான் அது நிலைத்தது.

தாமிரபரணிக்கு இது புதிய பாடமல்ல. 8 அணைக்கட்டுகளும் 11 கால்வாய்களும் கொண்ட இந்தப் பாசனத்தில், குளத்துக் கரையையும் மடையையும் காத்தது யாருடைய ஆர்வமும் அல்ல, குடிமராமத்து முறை. இன்று உன் வீட்டிலிருந்து ஓர் ஆள், நாளை என் வீட்டிலிருந்து ஓர் ஆள். மனம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முறை வந்தால் மண்வெட்டி எடுத்தாக வேண்டும். பறவைக் கணக்குக்கும் அந்த முறை வர வேண்டும்.

செய்ய வேண்டியவை கண்முன்னே இருக்கின்றன. ஒவ்வொரு குளத்துக்கும் மூத்தவர் ஒருவர், இளையவர் ஒருவர் என்று இருவர் பெயர் எழுதப்பட வேண்டும். அருகிலுள்ள பள்ளியோ கல்லூரியோ அந்தக் குளத்தைத் தன் குளமாக ஏற்க வேண்டும்; மாணவர் மாறினாலும் நிறுவனம் நிற்கும். திருச்செந்தூரில் ஆதித்தனார் கல்லூரி இருக்கிறது. சுற்றிலும் உயர்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. பறவைகளின் தமிழ்ப் பெயரும் உள்ளூர்ப் பெயரும் புதியவருக்கு முதல் நாளே சொல்லித் தரப்பட வேண்டும். வனத்துறை தன் கணக்கெடுப்புகளுக்குத் தன்னார்வலர்களை அழைக்கிறது. அவர்களுக்குப் பயணச் செலவும் காலைச் சாப்பாடும் தருவதோடு, அவர்கள் எழுதிக் கொடுத்ததைக் கொண்டு எந்தக் குளத்தில் என்ன செய்தோம் என்று ஆண்டுதோறும் பதிலும் சொல்ல வேண்டும். எண்ணியது வீண் என்ற நினைப்பைப்போல ஆர்வத்தைக் கொல்வது வேறில்லை.

அதனால் மூன்றாவது தீர்ப்பு ஊரின் மேலும் அரசின் மேலும். பொதுச் சொத்தின் கணக்கைச் சில பேரின் ஓய்வு நேரத்தில் ஏற்றிவைத்துவிட்டு, அவர்கள் களைத்ததும் கைவிரிப்பது அறமாகாது. கணக்கைத் தொடங்கியவர்கள் தங்கள் பங்கைச் செய்துவிட்டார்கள். அவர்களை ஓய்வெடுக்க விடுவதும், அவர்கள் விட்ட இடத்தில் அடுத்தவர் நிற்பதை உறுதி செய்வதும் நம் கடன். அடுத்த தைக்குள் திருச்செந்தூர் வட்டத்தின் ஒவ்வொரு குளத்துக்கும் இரண்டு பெயர்கள் எழுதப்படட்டும்.