நடுநிலை என்றால் வாய்ப்பேச்சா?



எங்கே சண்டை மூண்டாலும் “நாம் நடுநிலை” என்று சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறார்கள் டெல்லியில் இருப்பவர்கள். நடுநிலை வெறும் வாய்ப்பேச்சா? இல்லை. அதற்கும் சட்டம் உண்டு.

1907-ல் ஹேக் நகரில் செய்த ஐந்தாம் உடன்படிக்கையைப் பாருங்கள். போரிடும் நாடு தன் படைகளையும் தளவாடங்களையும் நடுநிலை நாட்டு மண் வழியே கொண்டுபோகக் கூடாது. அதற்கு நடுநிலை நாடு இடம் கொடுக்கவும் கூடாது. ரயில்வேக்காரர்களான நமக்கும் அதில் ஒரு விதி உண்டு: நடுநிலை நாட்டின் ரயில் வண்டியைத் தவிர்க்க முடியாத அவசியம் இருந்தாலொழிய எடுக்கக் கூடாது, எடுத்தால் சீக்கிரம் திருப்பி அனுப்ப வேண்டும்.

ரயில் பெட்டிக்கு இவ்வளவு காவல். பிழைக்கப் போன மனிதனுக்கு?

1949-ன் நான்காம் ஜெனீவா உடன்படிக்கை என்ன சொல்கிறது? நடுநிலை நாட்டான் ஒருவன் போரிடும் நாட்டின் சொந்த மண்ணில் இருந்தால், அவன் நாட்டுத் தூதரகம் அங்கே வழக்கம்போல் இயங்கும் வரை, அந்த உடன்படிக்கையின் தனிப் பாதுகாப்பு அவனுக்கு இல்லை. அவனுக்குக் கதி அவன் அரசின் தூதர்தான். அந்தத் தூதரின் சொல் எடுபட வேண்டுமானால், அரசின் நடுநிலை உண்மையாக இருக்க வேண்டும்!

நடந்தது என்ன? 1990 ஆகஸ்டில் ஈராக் குவைத்தைப் பிடித்தது. சுமார் 1,70,000 இந்தியர்கள் போட்டது போட்டபடி ஊர் திரும்பினார்கள். 1991 ஜனவரியில் போர் மூண்டது. வளைகுடாவுக்குப் போன அமெரிக்க ராணுவ விமானங்களுக்குப் பம்பாயிலும் சென்னையிலும் ஆக்ராவிலும் எண்ணெய் நிரப்ப அனுமதி கொடுத்தது சந்திரசேகர் அரசு. வளைகுடாவில் இருந்த நம்மவர்களைக் கேட்டா கொடுத்தார்கள்?

“ஐ.நா.வின் 678-ஆம் தீர்மானம் இருந்ததே” என்பார்கள். இருந்தது. ஆதரவு தரும்படி எல்லா நாடுகளையும் அது கேட்டுக்கொண்டது. எண்ணெய் ஊற்று என்று கட்டளையிடவில்லை. ஆதரிப்பதானால் வெளிப்படையாக ஆதரிக்கட்டும். நடுநிலை என்ற பெயரில் ஒரு பக்கத்துக்கு எண்ணெய் ஊற்றுவது எந்த ஊர் நியாயம்?

எதிர்ப்புக் கிளம்பியது. பிப்ரவரியில் நிறுத்தினார்கள். கேட்டால்தான் நிற்கிறது, தோழர்களே!

இன்றும் நம் பிள்ளைகள் வளைகுடாவில் வேலை செய்கிறார்கள், கப்பலில் போகிறார்கள். அடுத்த சண்டை வந்த பிறகு விமான நிலையத்தில் நின்று அழுவதில் பயனில்லை. இன்றே கேட்போம்: நம் மண்ணில் யாருடைய போர் விமானம் இறங்கும்? நம் பிள்ளைகளை அழைத்துவர என்ன ஏற்பாடு?

பதிலை எழுத்தில் வாங்குவோம்!