தீப்பெட்டியை மூடிய பிறகு நாய் எங்கே படுக்கும்?

அமெரிக்காவில் மோட்டார்ஹோம் வாங்க வருகிறவர்களை விற்பனை முற்றத்தில் அரை மணி நேரம் கவனித்தால் போதும். ஒருவர் ஓட்டுநர் இருக்கையில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்ப்பார். இன்னொருவர் கட்டிலில் நீட்டிப் படுத்து, கால் சுவரில் இடிக்கிறதா என்று சோதிப்பார். குளியலறைக்குள் நின்று தலைக்கு ஷாம்பு போடுவதுபோல் பாவனை செய்வார்கள். ஃபிரிட்ஜைத் திறந்து மூடுவார்கள். எல்லாம் சரிதான். அந்த வண்டிக்குள் வேறு எவரையும்விட அதிக நேரம் கிடக்கப்போகிற ஜீவனோ அன்றைக்குக் கூட வந்திருக்காது.

நமக்குக் கேரவன் என்றால் படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் ஏசி வண்டி. அங்கே அது பலருக்கு நிரந்தர முகவரி. ஓய்வு பெற்றவுடன் வீட்டை விற்றுவிட்டுக் கிளம்புகிறவர்கள் உண்டு. வாடகை கட்ட முடியாமல் வண்டிக்குள் குடிபுகுந்தவர்களும் உண்டு. இரண்டாவது ரகத்தினரின் கதையைத்தான் ஜெசிகா புரூடர் 2017-இல் ‘நோமேட்லேண்ட்’ என்ற நூலாக எழுதினார். அதைத் தழுவி எடுத்த படம் 2021-இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கரை வாங்கியது. நூலின் மையப் பாத்திரமான லிண்டா மே என்ற பெண்மணி, சுமார் பத்தடி நீள இழுவை வண்டியில் கோக்கோ என்ற சின்ன நாயோடு வாழ்ந்தார். பணமிருந்து கிளம்பினாலும் இல்லாமல் கிளம்பினாலும், இப்படிப் போகிறவர்களில் பலர் நாயை விட்டுவிட்டுப் போவதில்லை.

அதனால்தான் வண்டியைத் தேர்ந்தெடுக்கும் கணக்கை நாயிடமிருந்து தொடங்க வேண்டும் என்று சொல்லத் தோன்றுகிறது. செல்லம் கொடுப்பதற்காக அல்ல. மனிதர்கள் எந்த இடுக்கிலும் அனுசரித்துக்கொள்வார்கள். பிடிக்காவிட்டால் கதவைத் திறந்து இறங்கிப் போய்விடுவார்கள். நாய்க்குக் கதவைத் திறக்கத் தெரியாது.

இந்த வாழ்க்கையின் மீது ஒரு தலைமுறைக்கே ஆசையை மூட்டியவர் ஜான் ஸ்டெய்ன்பெக். 1960-இல் ஒரு ஜிஎம்சி பிக்கப் வண்டியின் முதுகில் குட்டி வீடு ஒன்றை ஏற்றி, அதற்கு டான் குவிக்சாட்டின் குதிரைப் பெயரான ரோசினான்டே என்று பெயரும் வைத்து, சார்லி என்ற பூடில் நாயோடு நாட்டைச் சுற்றி வந்தார். சுமார் 16,000 கிலோமீட்டர். 1962-இல் வெளிவந்த அந்தப் பயண நூல் இன்றும் விற்கிறது. வண்டி கலிபோர்னியாவின் சலினாஸ் நகரிலுள்ள ஸ்டெய்ன்பெக் மையத்தில் நிற்கிறது. ஆனால் பில் ஸ்டைகர்வால்ட் என்ற பத்திரிகையாளர் 2010-இல் அதே வழியில் போய்ப் பார்த்துவிட்டு, எழுத்தாளர் பல இரவுகளை ஹோட்டல்களிலும் விடுதிகளிலும்தான் கழித்தார் என்று எழுதினார். தவறில்லை. இரண்டரை மாதப் பயணத்தில் அலுத்தால் ஹோட்டலுக்குப் போகலாம். பயணத்தின் நடுவே சார்லிக்குச் சிறுநீர் இறங்காமல் போனபோது கால்நடை மருத்துவரைத் தேடி அலைந்ததும் அந்த நூலில் இருக்கிறது. ரோசினான்டேயின் அழகைப் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் அந்தப் பக்கங்களை இன்னொரு முறை படிப்பது நல்லது.

மோட்டார்ஹோம்களை அமெரிக்கர்கள் மூன்று வகையாகப் பிரிக்கிறார்கள். பேருந்து போன்ற பெரிய உடம்பு கொண்டது ஏ. மெர்சிடீஸ் ஸ்பிரிண்டர், ஃபோர்டு டிரான்ஸிட் போன்ற வேன்களை உள்ளே மாற்றியமைத்தது பி. ஃபோர்டு இ-450 போன்ற வண்டியின் முகப்பை அப்படியே வைத்துக்கொண்டு, பின்னால் வீட்டைக் கட்டி, ஓட்டுநர் தலைக்கு மேல் ஒரு படுக்கையையும் நீட்டினால் சி. இந்த எழுத்துகள் அளவு வரிசையில்கூட இல்லை. நடுவிலிருக்கும் பி-தான் மிகச் சிறியது.

பி வகையில் நடைபாதை ஏறக்குறைய இரண்டடி. ஒரு லாப்ரடார் அதில் படுத்துவிட்டால் வீட்டில் போக்குவரத்து நின்றது. இரவில் பாத்ரூம் போக எழுந்தவர் வாலை மிதிக்காமல் போனால் அதிர்ஷ்டம். சின்ன நாய் ஒன்று, மனிதர் ஒருவர் என்றால் பி போதும். பக்கவாட்டில் அகலமாகத் திறக்கும் கதவு நாய்க்கு வசதி. இரண்டு பெரிய நாய்கள் என்றால் அந்தப் பேச்சே வேண்டாம்.

பெரிய வண்டியில் இடப் பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நினைக்கிறார்கள். அங்கேதான் தீப்பெட்டி வருகிறது. ஸ்லைடு-அவுட் என்ற ஏற்பாட்டில், வண்டியை நிறுத்தியதும் பொத்தானை அழுத்தினால் பக்கச் சுவரே தீப்பெட்டியின் உள்பெட்டிபோல வெளியே நீளும். சோபாவும் சாப்பாட்டு மேசையும் அதோடு நகர, நடுவில் கூடம் விரியும். விற்பனை முற்றத்தில் எப்போதும் இந்த விரிந்த கோலத்தில்தான் வண்டியைக் காட்டுவார்கள். ஓடும்போது பெட்டி உள்ளே போயிருக்கும். அப்போது சில வண்டிகளில் சோபாவுக்கும் எதிர் அலமாரிக்கும் நடுவே ஒரு ஆள் ஒருக்களித்து நடக்கத்தான் இடம். ஆறு மணி நேரப் பயணத்தில் நாய் எங்கே படுக்கும்? சாலையோர நிறுத்தத்தில் மதியச் சாப்பாட்டுக்கு நிற்கும்போது அதன் தண்ணீர்க் கிண்ணத்தை எங்கே வைப்பது? பெட்டி உள்ளே வரும்போது அடியில் படுத்திருக்கும் நாய்க்கு ஆபத்து வேறு. ஆகவே பெட்டியை உள்ளே இழுத்துவிட்டுப் பார்க்காத வண்டிக்குப் பணம் கட்டக் கூடாது.

தரைக்கும் இதே கதை. கம்பளம் போட்டால் உதிர்ந்த ரோமமும் மூத்திர வாடையும் போகாது. வழவழப்பான வினைல் போட்டால் வயதான நாயின் பின்னங்கால் வழுக்கும். வினைலின் மேல் கழற்றித் துவைக்கக்கூடிய மிதியடிகளை விரிப்பதே நடுவழி. ஏறும் படிகள் இன்னும் முக்கியம். செங்குத்தான, படிகளுக்கு நடுவே தரை தெரிகிற இரும்புப் படிகளில் பல நாய்கள் கால் வைக்க மறுக்கும். ஜெர்மன் ஷெப்பர்டு போன்ற இனங்களுக்கு இடுப்பு மூட்டுக் கோளாறு சகஜம். இன்றைக்குத் துள்ளி ஏறும் நாலு வயது நாய்க்கு ஆறு வருடம் கழித்துப் பத்து வயது. நாற்பது கிலோ நாயை நாளுக்கு ஐந்து முறை தூக்கி ஏற்ற யாராலும் முடியாது.

முன்பக்கம் பெட்ரோல் எஞ்சின் உள்ள ஏ வகையில், ஓட்டுநருக்கும் பக்கத்து இருக்கைக்கும் நடுவே எஞ்சினை மூடியபடி ஒரு மேடு இருக்கும். அதன் பெயரே ‘டாக்ஹவுஸ்’, அதாவது நாய்வீடு. சூடும் இரைச்சலும் அங்கிருந்துதான் உள்ளே வரும் என்பதால் நாயைக் கட்டக் கூடாத இடமும் அதுதான். எஞ்சின் பின்னால் இருக்கும் டீசல் வண்டிகளில் முன்பக்கம் அமைதி. காற்றுப் பைகள் தாங்குவதால் குலுக்கலும் குறைவு. பயந்த சுபாவமுள்ள நாய்க்கு அது வரம்தான், விலையைக் கேட்காத வரை.

இவை எல்லாவற்றையும்விட நாயின் உயிரோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது வெயில். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2005-இல் வெளியிட்ட ஒரு சோதனையில், வெளியே வெறும் 22 டிகிரி செல்சியஸ் இருந்த நாளில் பூட்டிய காருக்குள் ஒரு மணி நேரத்தில் 47 டிகிரியைத் தொட்டது. ஏற்றத்தில் பெரும்பகுதி முதல் அரை மணி நேரத்திலேயே நடந்துவிடுகிறது. ஜன்னலைச் சற்றுத் திறந்து வைப்பதால் பெரிய பலனில்லை. மோட்டார்ஹோமின் சுவர் காரைவிடத் தடிமன், அதனால் கொஞ்சம் மெதுவாகச் சுடும், அவ்வளவுதான். நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. இளைத்து இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். பக், புல்டாக் போன்ற சப்பை மூக்கு இனங்களால் அதையும் ஒழுங்காகச் செய்ய முடியாது.

ஏசி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, கூரையில் 13,500 பிடியு, நம் கணக்கில் ஒரு டன்னுக்குச் சற்று மேல். அது முகாம் மைதானத்தின் மின்கம்பத்தை நம்பி ஓடுகிறது. 30 ஆம்பியர் இணைப்பு என்றால் மொத்தமே 3,600 வாட். 50 ஆம்பியர் என்றால் 12,000 வாட். பெயரில் இருபதுதான் வித்தியாசம், கையில் கிடைப்பதோ மூன்று மடங்குக்கு மேல். இரண்டு ஏசி ஓட வேண்டுமென்றால் இரண்டாவதுதான் வேண்டும். கோடை மதியத்தில் மைதானம் முழுக்க ஏசி ஓடும்போது மின்னழுத்தம் இறங்கும். வண்டியின் பாதுகாப்புக் கருவி தன் கடமையைச் செய்து மின்சாரத்தைத் துண்டிக்கும். உரிமையாளர்கள் கடைத்தெருவில் இருப்பார்கள். உள்ளே நாய்.

பேட்டரியை நம்பலாமா? 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஒன்றில் சுமார் 1,280 வாட்-மணி இருக்கும். ஏசி 1,500 வாட் இழுத்தால் ஒரு மணி நேரத்துக்கும் தாங்காது. நாலு பேட்டரி வைத்தால் மூன்று மணி நேரத்தைத் தாண்டும். ஆகவே மின்சாரம் போனதும் தானே கிளம்பும் ஜெனரேட்டர், உள்ளே வெப்பம் ஏறினால் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும் கருவி, இரண்டும் இல்லாத வண்டியில் நாயைத் தனியே விட்டுப் போவது சூதாட்டம். கிரானைட் மேடையும் மின்சாரக் கணப்படுப்பும் கேட்டுப் பேரம் பேசுகிறவர்கள் இதைக் கேட்பதில்லை என்பதுதான் எரிச்சல்.

அனுபவசாலிகள் இதற்கு வேறொரு வழி வைத்திருக்கிறார்கள்: கோடைக்கு வடக்கே, குளிருக்குத் தெற்கே, எங்கே 21 டிகிரியோ அங்கே வீடு. குளிர்காலத்தில் அரிசோனாவின் குவார்ட்ஸைட் பாலைவனத்தில் வண்டிகள் குவிவது இதனால்தான். அங்கேயும் நாய்க்கு ஒரு கண்டம் உண்டு. தென்மேற்குப் பாலை மண்ணில் இருக்கும் பூஞ்சையால் வரும் ‘வேலி ஃபீவர்’, மண்ணை மோந்து தோண்டும் நாய்களை எளிதில் பிடிக்கும். தென்கிழக்கே போனால் கொசு வழியே இதயப் புழு, வடகிழக்கே உண்ணி. ஊருக்கு ஒரு நோய் என்பதால் நாயின் மருத்துவக் குறிப்புகள் ஓட்டுநர் உரிமத்துக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். கனடாவுக்குப் போய்த் திரும்புகிறவர்களுக்கு 2024 ஆகஸ்ட் முதல் புது விதி: திரும்பி வரும் நாய்க்கு ஆறு மாதமாவது நிரம்பியிருக்க வேண்டும், உடம்பில் மைக்ரோசிப் இருக்க வேண்டும், படிவமும் நிரப்ப வேண்டும்.

தேசியப் பூங்காக்களைச் சுற்றிப் பார்க்கத்தான் இந்த வாழ்க்கை என்று கிளம்புகிறவர்கள் அங்கே போய் ஏமாறுகிறார்கள். யெல்லோஸ்டோனில் நாய் சாலையிலிருந்தும் முகாமிலிருந்தும் 100 அடிக்கு மேல் போகக் கூடாது. மலைப்பாதைகளிலும் வெந்நீர் ஊற்றுகளின் மரப் பாதைகளிலும் அனுமதி இல்லை. கிராண்ட் கேன்யனில் விளிம்பு வரை வரலாம், கீழே இறங்கக் கூடாது. மேய்ன் மாநிலத்து அகாடியா போன்ற தாராள மனசுக்காரப் பூங்காக்கள் குறைவு. ஆகவே ஒருவர் மலையேற, இன்னொருவர் வண்டியில் நாயோடு உட்கார்ந்திருக்கும் நாட்கள் நிறைய வரும். அந்த உட்காரும் இடம் எப்படி இருக்கிறது என்பதும் வண்டித் தேர்வில் சேர்த்திதான். தனியார் முகாம்கள் வேறு விதம்: பிட் புல், ராட்வீலர் என்று இனப் பட்டியல் போட்டு மறுப்பவை உண்டு, இரண்டு நாய்க்கு மேல் கூடாது என்பவையும் உண்டு.

வண்டியின் வாசலருகே ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பலர் படிப்பதே இல்லை. ஆட்கள், சாமான், தண்ணீர் எல்லாம் சேர்த்து எவ்வளவு ஏற்றலாம் என்று அதில் எழுதியிருக்கும். சில சி வகை வண்டிகளில் அது 500 கிலோவுக்கும் குறைவு. 150 லிட்டர் தண்ணீர் 150 கிலோ. கணவன் மனைவி 150 கிலோ. இரண்டு லாப்ரடார் 60. கூண்டுகள், தீவன மூட்டைகள் இன்னொரு 70. துணிமணி, பாத்திரம், புத்தகம் இன்னும் ஏறவில்லை.

எவரும் முன்கூட்டி யோசிக்காத விஷயம் ஒன்று உண்டு: எஞ்சின் கெட்டால் வீடே பட்டறைக்குப் போகிறது. 2021-இல் மட்டும் அமெரிக்கத் தொழிற்சாலைகளிலிருந்து 6 லட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் வெளியே போயின. பெரும்பங்கு இழுவை வண்டிகள்தான் என்றாலும் பழுதுபார்க்க எல்லாம் ஒரே வரிசையில் நிற்கின்றன. பட்டறைக்குள் இரவு தங்க விடாவிட்டால், இரண்டு பெரிய நாய்களோடு எந்த விடுதியில் இடம் கிடைக்கும்? இழுவை வண்டிக்காரர் முன்னால் இருக்கும் டிரக்கை மட்டும் பட்டறைக்கு அனுப்பிவிட்டு வீட்டிலேயே இருப்பார். அதனால் மோட்டார்ஹோம்தான் வேண்டும் என்பவர்கள் பின்னால் சின்னக் கார் ஒன்றை இழுத்துக்கொண்டு போவது நல்லது. இழுபடும் கார் என்ற ஆங்கிலச் சொல்லும் தேரையைக் குறிக்கும் சொல்லும் ஒலியில் ஒன்று என்பதால் அதைச் செல்லமாகத் தேரை என்றே கூப்பிடுகிறார்கள். நடு இரவில் நாய்க்கு வயிறு உப்பினால் மருத்துவரிடம் ஓடுவது அந்தத் தேரையில்தான். முப்பதடி வீட்டின் மின்கம்பியையும் கழிவுக் குழாயையும் பிடுங்கிவிட்டுக் கிளம்ப அப்போது நேரம் இருக்காது.

இரண்டு பெரிய நாய்கள், இரண்டு மனிதர்கள் என்றால், 30 அடிக்குள் ஒரு சி வகை, ஒரே ஒரு ஸ்லைடு, தானே கிளம்பும் ஜெனரேட்டர், நாலைந்து வருடம் ஓடிய வண்டி: இதுதான் இந்தக் கட்டுரையின் சிபாரிசு. புது வண்டியின் பளபளப்பில் மயங்குகிறவர்கள் உத்தரவாதப் பத்திரத்தின் சிறு எழுத்தைப் படிக்கட்டும். நிரந்தரமாகக் குடியிருந்தால் உத்தரவாதம் செல்லாது என்று பல நிறுவனங்கள் எழுதி வைத்திருக்கின்றன. காப்பீடும் அதற்கென்று தனியாக எடுக்க வேண்டும்.

வாங்குகிற நாளில் நாயைக் கூட்டிப் போக வேண்டும். விற்பனையாளர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். ஸ்லைடை உள்ளே இழுக்கச் சொல்லி, எஞ்சினை ஓட விட்டு, கயிற்றைத் தளர்த்திவிட்டுக் கால் மணி நேரம் சும்மா நிற்கலாம். சில நாய்கள் முதல் படியிலேயே நின்றுவிடும். சில உள்ளே போய் இரண்டு சுற்றுச் சுற்றி, மேசைக்கடியில் மூக்கை நீட்டிப் படுத்துக்கொள்ளும்.